மறுமொழி: சிமெண்ட் பொம்மையை இரவில் ஒளிர வைக்கும் தூளுக்கு ஒரு பெயர்

வணக்கம்.

வீட்டிலேயே சிமெண்டில் தோட்டப் பொம்மை வார்ப்பது பற்றிப் பயிற்சித்தாள் எழுதும் அம்மா, இருட்டில் ஒளிரும் தூளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தார். பாஸ்பரத்தூள், இருளொளித்தூள், தேக்கொளித்தூள் என்று மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன. நான் நின்றொளிர் தூள் என்பேன்.

போன மாதம் நானும் ஒரு ஆமை வார்த்தேன். தூள் கேட்டுக் கடைக்குப் போனால், "ரேடியமா?" என்று வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் சுருளை எடுத்துப் போட்டார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது, ஊரே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த ஸ்டிக்கரில் ரேடியமும் கிடையாது, அது தானாக ஒளிர்வதும் கிடையாது. மேலே படும் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். 1910-களிலும் 20-களிலும் அமெரிக்காவில் கடிகார முகப்புக்கு உண்மையான ரேடியச் சாயம் (கதிர்வீச்சு உள்ளது) பூசிய பெண்கள் பலர், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியே நோயுற்று இறந்தார்கள். குழந்தைகள் தொட்டு விளையாடும் பொம்மைக்கு அந்தப் பெயர் வேண்டவே வேண்டாம்.

பாஸ்பரத்தூளும் சரிவராது. 1669-இல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் கண்டெடுத்த பாஸ்பரஸ் ஒளிர்வது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதால். நம் தூளோ பகல் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு விடுகிறது. இன்று நன்றாக ஒளிரும் தூள், யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற இரண்டு உலோகத் தனிமங்களைச் சிறிதளவு சேர்த்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்ற சேர்மம். அதில் பாஸ்பரஸ் இல்லை.

இருளொளி என்றால் மின்மினியும் அதில் அடங்கிவிடும். தேக்கொளி அழகான சொல்தான். ஆனால் சூரிய விளக்கும் பகலில் தேக்கி இரவில் தருகிறதே, இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

நின்றொளிர்தல் நான் உண்டாக்கிய சொல் அல்ல, அறிவியல் தமிழில் ஏற்கெனவே புழங்குவது: ஒளி போன பிறகும் நின்று ஒளிர்வது. அதற்கு ஜோடிச் சொல் உடனொளிர்தல்: ஒளி பட்டதும் மிளிர்ந்து, ஒளி போனதும் அணைவது. 'அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்' என்கிறோமே, அந்த 'அன்று', 'நின்று' வேறுபாடுதான் இந்த இரண்டுக்கும். விளக்கு நின்று எரிகிறது என்று வீட்டிலும் சொல்கிறோம். படிக்காதவருக்கும் புரியும் சொல் கையில் இருக்கும்போது வேறெதற்கு?

தூளுக்கு வெயில் காட்டுவதை மின்னேற்றம் போல ஒளியேற்றம் எனலாம். பேச்சில் 'வெயில் காட்டுவது' என்றே இருக்கட்டும், வற்றலுக்குக் காட்டுவது போல.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. முதல் ஆமைக்குத் தூளைச் சாம்பல் நிற சிமெண்டில் அப்படியே குழைத்துவிட்டேன். இரவில் போய்ப் பார்த்தால் ஓட்டின் விளிம்பில் மட்டும் பாசி படிந்த மாதிரி ஒரு மங்கல் பச்சை. உள்ளே போன தூளுக்கு வெளிச்சமே எட்டாது, எட்டினாலும் அதன் ஒளி வெளியே வராது. போதாததற்கு, மேலுறை இல்லாத ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் தண்ணீர் பட்டால் சிதைந்துவிடும், ஈரச் சிமெண்டோ முழுக்கத் தண்ணீர். இரண்டாவது ஆமைக்கு ஓட்டின் கட்டங்களில் வெள்ளைச் சிமெண்ட் பூசிக் காயவிட்டு, தூளை நிறமற்ற ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) கலந்து மேலே தடவினேன். தூள் கனமானது, அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் மரக்குச்சியால் கிண்டிக்கொண்டே பூசினேன். அன்றிரவு ஓட்டின் பதின்மூன்று கட்டங்களும் தனித்தனியாகத் தெரிந்தன. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தேன், மங்கலாக இன்னும் இருந்தது.

இந்த மேற்பூச்சை நின்றொளிர்சாந்து என்று சொல்லலாமா? சாந்து கொத்தனார் வாயில் இருக்கும் சொல், ஒட்டாமல் நிற்காது. ரெசினில் கலப்பதைச் சாந்து என்பது பொருந்துமா என்று கட்டுமானத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். பொருந்தாது என்றால் நின்றொளிர்பூச்சு என்று வைத்துக்கொள்ளலாம்.

அம்மா, பயிற்சித்தாளில் இந்தச் சொல் முதலில் வரும் இடத்தில் 'ரேடியம் ஸ்டிக்கர் அல்ல' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் கடையில் சுருளைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.