பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் புது ஜோடி: 1 நோட்ரம்புக்கு மேல் எதிரணி ஏலம் கேட்டால்? டிஃபென்ஸில் எந்த சிக்னல்?

வடக்கு_இருக்கை

ஜோடி புதிது. மேஜருக்கு (ஸ்பேட், ஹார்ட்) 5 சீட்டு, 1 நோட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) 15-17 பாயிண்ட், ஸ்டேமன் (மேஜரில் 4 சீட்டு உண்டா என்ற கேள்வி), டிரான்ஸ்பர் (நம் சூட்டைப் பார்ட்னரைக் கேட்க வைப்பது), கீகார்டு பிளாக்வுட் (ஏஸ்களையும் துருப்புக் கிங்கையும் விசாரிப்பது) வரை பேசி முடித்தாயிற்று. போட்டிக்கு முன் உட்கார்ந்து பேச இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. எதிரணி வாய் திறக்காத வரை ஏலம் ஒழுங்காகப் போகிறது. அவர்கள் குறுக்கே ஒன்று கேட்டுவிட்டால் ஆளுக்கு ஓர் அர்த்தம் வைத்துக்கொள்கிறோம்.

உதாரணம்: பார்ட்னர் 1 நோட்ரம்ப், வலப்பக்கம் 2 ஸ்பேட். அடுத்து என் கை: ஸ்பேட் 7 3, ஹார்ட் கிங் ஜாக் 8 5, டைமண்ட் ஏஸ் 10 6 2, கிளப் 9 7 4. இங்கே டபுள் சொன்னால் அடிப்பதற்கா (அவர்கள் தோற்பார்கள் என்று தண்டம் ஏற்ற), டேக்அவுட்டா (பார்ட்னரை வேறு சூட் கேட்கச் சொல்ல)?

இன்னொன்று: டிஃபென்ஸில் (எதிரணி ஆட, நாம் தடுக்கும்போது) பார்ட்னருக்குச் சீட்டால் சிக்னல் கொடுக்க "பெரிய சீட்டு போட்டால் வேண்டும்" என்ற வழக்கமான முறையிலேயே இருக்கலாமா, சின்னது போட்டால் வேண்டும் என்ற தலைகீழ் முறைக்கு மாறலாமா?

நான்காம்_சீட்டு

டேக்அவுட். எதிராளி 5, 6 ஸ்பேட் வைத்துக்கொண்டு கேட்கும்போது உங்களுக்கு ஸ்பேட் குறைவாக வருவதுதான் வழக்கம். நல்ல 4 ஸ்பேடோடு அடிக்கக் காத்திருக்கும் கை எப்போதாவதுதான் வரும். அப்படி வந்தால் பாஸ் விடுங்கள். ஏலம் சுற்றி ஓபனரிடம் (ஏலத்தைத் தொடங்கிய பார்ட்னரிடம்) வரும்போது அவரிடம் ஸ்பேட் 2 மட்டும் இருந்தால் அவர் டபுள் சொல்ல வேண்டும், அதை நீங்கள் பாஸ் விட்டு அடியாக மாற்றிக்கொள்ளலாம். "2 ஸ்பேட் வைத்திருக்கும் ஓபனர் மறுபடி டபுள் சொல்வார்" என்பதையும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டால் முதல் பாதியை ஒப்புக்கொண்டதில் பயன் இல்லை.

உங்கள் டபுளுக்குப் பிறகு ஓபனர்: ஹார்ட் 4 இருந்தால் 3 ஹார்ட், ஸ்பேட் பலமாக இருந்தால் பாஸ், இரண்டும் இல்லாவிட்டால் தன் மைனர் (டைமண்ட் அல்லது கிளப்).

2 டைமண்டும் அதற்கு மேலும் வந்தால் லெபென்சோல் (பலவீனமான கையையும் பலமான கையையும் 2 நோட்ரம்பால் பிரித்துக் காட்டும் முறை) போடுங்கள். 2 நோட்ரம்ப் கேட்டால் ஓபனர் கட்டாயம் 3 கிளப் சொல்வார். இது எதற்கு என்று ஒரு கையில் பாருங்கள்: ஸ்பேட் 4 2, ஹார்ட் 8 6, டைமண்ட் குயின் ஜாக் 9 8 6 3, கிளப் ஜாக் 7 5. எதிரணியின் (2 ஸ்பேட்)க்கு மேல் இந்தக் கை 3 டைமண்டில் நின்றுவிட வேண்டும். 2 நோட்ரம்ப், 3 கிளப், பிறகு 3 டைமண்ட்: ஓபனர் பாஸ். நேராக 3 டைமண்ட் கேட்டால் அது கேம் (போனஸ் கிடைக்கும் மட்டம்) வரை கட்டாயம். ஸ்டாப்பர் (எதிரணியின் சூட்டைத் தடுத்து நிறுத்தும் சீட்டு) சங்கதியும் இதே பாதையில்தான்: நேராக 3 நோட்ரம்ப் என்றால் ஸ்பேட் ஸ்டாப்பர் கிடையாது, 2 நோட்ரம்ப் வழியாகப் போய் 3 நோட்ரம்ப் என்றால் உண்டு. நேராக 3 ஸ்பேட் என்றால் 4 ஹார்ட், ஸ்டாப்பர் இல்லை. சுற்றிப் போய் 3 ஸ்பேட் என்றால் 4 ஹார்ட், ஸ்டாப்பரும் உண்டு.

2 கிளப் மட்டும் தனி. இயல்பான 2 கிளப் என்றால் டபுளே ஸ்டேமன், டிரான்ஸ்பர் எல்லாம் அப்படியே. ஆனால் அந்த 2 கிளப் இரண்டு மேஜரையும் காட்டுவதாக இருந்தால் ஸ்டேமன் கேட்டு என்ன கிடைக்கப்போகிறது? அங்கே டபுள் என்றால் "8 பாயிண்டுக்கு மேல் இருக்கிறது, ஏதாவது ஒரு மேஜரை அடிக்கலாம்". ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அவர்களுடைய சிஸ்டம் கார்டை (ஒப்பந்தங்கள் எழுதிய அட்டையை) முதலில் வாங்கிப் பாருங்கள்.

டம்மிக்கு_எதிரே

சிக்னல் கேள்விக்கு என் பதில். தலைகீழோ நேரோ, எந்த நேரத்தில் எந்தச் செய்தி என்ற வரிசைதான் முதலில் முடிவாக வேண்டும்.

பார்ட்னர் லீட் செய்த (முதலில் இறக்கிய) சூட்டில்: வேண்டுமா, வேண்டாமா.
டிக்ளேரர் (ஏலத்தை வென்று ஆடுபவர்) ஆடும் சூட்டில்: எத்தனை சீட்டு என்ற எண்ணிக்கை.
இரண்டும் ஏற்கெனவே தெரிந்த இடத்தில்: அடுத்து எந்த சூட்.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு இதை மேசையில் பரப்பிப் பாருங்கள். 3 நோட்ரம்ப். டம்மியில் (மேசையில் விரித்த, டிக்ளேரருடைய பார்ட்னரின் கையில்) டைமண்ட் கிங் குயின் ஜாக் 10 4, அங்கே போக வேறு வழி இல்லை. பார்ட்னரிடம் ஏஸ் 6 2. உங்களிடம் 8 3 இருந்தால் டிக்ளேரரிடம் 9 7 5, மூன்று. பார்ட்னர் இரண்டு முறை விட்டுக்கொடுத்து மூன்றாவதை ஏஸால் பிடிக்க வேண்டும். இரண்டாவதிலேயே பிடித்தால், டிக்ளேரர் மீதியுள்ள டைமண்டோடு டம்மிக்குப் போய் 2 ட்ரிக்குக்குப் பதில் 4 எடுத்துவிடுவார். உங்களிடம் 8 5 3 இருந்தால் டிக்ளேரரிடம் 9 7 மட்டும்தான். அப்போது இரண்டாவதில் பிடிக்க வேண்டும், மூன்றாவது வரை விட்டால் ஒரு ட்ரிக் தானம். நேர்முறையில் 8 3-இலிருந்து முதலில் 8, 8 5 3-இலிருந்து முதலில் 3. பார்ட்னர் ஏஸை எப்போது எடுக்கிறார் என்பது முழுக்க அந்த ஒரு சீட்டில் இருக்கிறது.

வெட்டு கொடுக்கும்போது சூட் காட்டுவது: ஆட்டம் 4 ஸ்பேட், பார்ட்னர் ஒற்றை ஹார்ட் லீட் செய்கிறார், நீங்கள் ஏஸால் பிடித்து ஹார்ட் திருப்புகிறீர்கள். 10 திருப்பினால் டைமண்டுக்கு வா, 2 திருப்பினால் கிளப்புக்கு வா. துருப்பையும் வெட்டும் சூட்டையும் கழித்துவிட்டு மீதி இரண்டில் மேலது, கீழது என்று கணக்கு. தலைகீழ் முறை ஆடினாலும் இதை மாற்றாதீர்கள்.

தலைகீழ் முறையைப் பற்றி: மாறலாம் என்பது என் கருத்து. கிங் 10 9 2 வைத்துக்கொண்டு "இந்த சூட் வேண்டும்" என்று சொல்ல நேர்முறையில் 10-ஐயோ 9-ஐயோ கழித்தாக வேண்டும், அந்தச் சீட்டே ஒரு ட்ரிக் எடுக்கக்கூடியது. தலைகீழில் 2 போதும். வேண்டாத சூட்டில் பெரிய சீட்டை விடுவதால் பெரும்பாலும் நட்டம் இல்லை. ஆனால் பாதி மாறாதீர்கள். லீட் மேல் தலைகீழ், கழிக்கும்போது நேர், எண்ணிக்கைக்கு இன்னொன்று என்று வைத்தால் களைத்துப்போன கடைசிச் சுற்றில் நிச்சயம் குழம்பும்.

மூன்று_பாஸ்_பிறகு_டபுள்

நான்காம்_சீட்டு சொன்னது எல்லாம் சரி. லெபென்சோலை மட்டும் முதல் போட்டியில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஒருவர் மறந்து 2 நோட்ரம்பைப் பாஸ் விட்டால், மேலே உள்ள அந்த 4 பாயிண்ட் கை டம்மியாகக் கீழே இறங்கும். 6 டைமண்ட் இருந்தும் ஆட்டம் 2 நோட்ரம்பில். முதல் போட்டிக்கு 2 நோட்ரம்ப் இயல்பான அழைப்பாகவே இருக்கட்டும், 3 மட்டத்தில் புது சூட் கட்டாயம், பலவீனமான கை பாஸ். பத்து, பன்னிரண்டு கை ஏலம் கேட்டுப் பழகியபின் சேர்க்கலாம்.

அந்த நேரத்தை இவற்றில் செலவிடுங்கள், அடிக்கடி வருபவை:

நெகட்டிவ் டபுள் (பார்ட்னர் தொடங்கி எதிரணி குறுக்கே கேட்டதும் சொல்லும் டேக்அவுட் டபுள்) 3 ஸ்பேட் வரை. 1 டைமண்ட் (எதிரணி 1 ஹார்ட்) டபுள் என்றால் சரியாக 4 ஸ்பேட், 5 இருந்தால் 1 ஸ்பேட் கேட்க வேண்டும். 1957-இல் ஆல்வின் ராத் இதைக் கொண்டுவந்தபோது ஸ்புட்னிக் டபுள் என்று பெயர், விண்கலம் ஏவிய அதே ஆண்டு.

1 ஸ்பேட் (எதிரணி டபுள்) 2 நோட்ரம்ப்: 4 துருப்போடு 10 பாயிண்டும் மேலும். அங்கே நேராக 3 ஸ்பேட் பலவீனம், எதிரணியின் வழியை மறிக்க மட்டும்.

டிரான்ஸ்பருக்கு டபுள் விழுந்தால்: ஓபனரிடம் மேஜரில் 3 சீட்டு இருந்தால் முடித்துக் கொடுக்கட்டும், 2 என்றால் பாஸ்.

பிளாக்வுட் 4 நோட்ரம்புக்கு மேல் எதிரணி கேட்டால்: டபுள் என்றால் 0 கீகார்டு, பாஸ் 1, அடுத்த படி 2.

இவற்றில் எதுவும் பொருந்தாத இடத்துக்கு ஒரு பொது விதி: பேசாத ஏலம் இயல்பானது. பேசாத டபுள் 3 ஸ்பேட் வரை டேக்அவுட், அதற்கு மேல் அடி. புதிய ஜோடியைக் காப்பாற்றுவது இந்த ஒரு வரிதான், அதை இருவரும் தங்கள் தாளின் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

எதிரணி கேட்டால் பேசியதை அப்படியே சொல்லுங்கள். ஒப்பந்தங்களை எதிரணிக்குத் தெரியப்படுத்துவது 2017 டூப்ளிகேட் சட்டங்களின் 40-ஆவது விதிப்படி ஜோடியின் கடமை. பேசாத விஷயம் என்றால் "ஒப்பந்தம் இல்லை" என்பதுதான் சரியான பதில். "இப்படி நினைக்கிறேன்" என்று ஊகத்தைச் சொன்னால், அது தவறாகப் போகும்போது டைரக்டரைக் (போட்டி நடுவரை) கூப்பிட வேண்டி வரும்.

வடக்கு_இருக்கை

மூவருக்கும் நன்றி. லெபென்சோலைத் தள்ளிவைக்கிறோம், தலைகீழ் முறை எல்லா இடத்திலும். ஒரு சந்தேகம்: ஏஸ்-கிங்கிலிருந்து எதை லீட் செய்வது? ஏஸுக்குக் கீழே குயின் போட்டால் என்ன அர்த்தம்?

டம்மிக்கு_எதிரே

4 மட்டம் வரை ஏஸ், கேள்வி "வேண்டுமா". 5 மட்டமும் அதற்கு மேலும் கிங், கேள்வி "எத்தனை". அங்கே இரண்டாவது ட்ரிக் நிற்குமா, வெட்டுப்படுமா என்பதுதான் தெரிய வேண்டும்.

பார்ட்னரின் ஏஸுக்குக் குயின் விழுந்தால் கையில் ஜாக் உண்டு, அல்லது அந்தக் குயின் ஒற்றை. இரண்டிலும் அடுத்த சுற்றில் பார்ட்னர் கிங்கை வைத்துக்கொண்டு சின்னச் சீட்டை இறக்கலாம், நீங்கள் ஜாக்கால் பிடிப்பீர்கள் அல்லது வெட்டுவீர்கள். அதனால் குயின் 2 என்று இரண்டே சீட்டு இருக்கும்போது குயினைப் போடவே கூடாது. பார்ட்னர் நம்பிச் சின்னதை இறக்கினால் டிக்ளேரர் ஜாக்கால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். நேர்முறையில் இந்தக் கைக்கு 2 போட்டால் "வேண்டாம்" என்றாகிவிடும், வெட்டு கிடைக்காது. தலைகீழில் அதே 2 "தொடர்ந்து ஆடு" என்கிறது. குயின் ஜாக் 5 இருந்தால் தாராளமாகக் குயின்.