1898 யாருடைய ஆண்டு?

திடல்வாசி:
சிங்கப்பூர்க் காற்பந்துக் குழுவான பாலஸ்டியர் கல்சா தன் பிறந்த ஆண்டு 1898 என்கிறது. ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 1898இல் பிறந்தது ஃபத்ஹுல் கரீப் என்ற குழு. அது 1975இல் பாலஸ்டியர் யுனைடெட் ஆனது. 1996இல் எஸ்-லீக் என்ற சிங்கப்பூர்த் தொழில்முறை லீக் தொடங்கியபோது பாலஸ்டியர் சென்ட்ரல். 2002 பருவம் முடிந்ததும் கிளமெண்டி கல்சாவுடன் இணைந்து இன்றைய பெயர். பெயர் போயிற்று, திடல் போயிற்று, கூடிப் பேசிய காப்பிக்கடையும் போயிற்று. தெம்பனிஸ் ரோவர்ஸைப் பாருங்கள். 1945இல் அந்த வட்டாரத்துப் பந்துப் பிரியர்கள் தொடங்கினார்கள். இன்றும் அது தெம்பனிஸ்தான்.

பாலஸ்டியர் பக்கத்து வீடு:
அண்ணா, பெயரை அவர்கள் ஆசைக்கா மாற்றினார்கள்? 1975இல் தேசிய லீக்கைத் திருத்தியமைத்தபோது நூற்றுக்கும் மேலிருந்த குழுக்கள் முப்பதாகக் குறைந்தன. ஃபேரர் பார்க் யுனைடெட், தோ பாயோ யுனைடெட் என்று வட்டாரப் பெயர்கள் வரிசையில் நின்ற காலம் அது. ஃபத்ஹுல் கரீப் அந்த வாசலில் நுழைந்து உயிர் பிழைத்தது. நுழையாத குழுக்களின் பெயர்களில் பத்தையாவது உங்களால் சொல்ல முடியுமா?

திடல்வாசி:
பிழைத்ததைக் குறை சொல்லவில்லை. பழைய வீட்டை இடித்துவிட்டுக் கதவிலக்கத்தை மட்டும் காப்பாற்றி வைப்பதைத்தான் சொல்கிறேன்.

பாலஸ்டியர் பக்கத்து வீடு:
தெம்பனிஸில் மட்டும் எந்த வீடு நிற்கிறது? அங்கிருந்த கம்பத்துக் கிராமங்களை அகற்றித்தான் புதுநகரம் எழுந்தது. அடுக்குமாடிக்குக் குடிவந்தவர்களில் பெரும்பாலோர் வேறு வட்டாரத்தவர். இன்னொன்றை வசதியாக மறந்துவிட்டீர்கள். தெம்பனிஸ் அரங்கம் இல்லாத ஆண்டுகளில் ரோவர்ஸ் எங்கே ஆடியது? 2012 முதல் கிளமெண்டியில், பிறகு ஜூரோங் வெஸ்டில். 2017இல்தான் ‘நம் தெம்பனிஸ் நடுவம்’ (Our Tampines Hub) என்ற வளாகத்துக்கு வந்தது. 2012, 2013 லீக் பட்டங்களை வென்றபோது அதன் சொந்த அரங்கம் தீவின் மறுகோடியில் இருந்தது. ஊரை விட்டால் வரலாறு அறுந்துவிடும் என்றால் முதலில் அறுந்தது உங்கள் குழுதான்.

செம்பவாங் மூத்தவன்:
தம்பிகளா, உங்கள் இருவருக்கும் சண்டை போட ஒரு குழுவாவது மிஞ்சியிருக்கிறது. நான் செம்பவாங்கிலிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவன். தளத்தில் வேலை பார்த்த தமிழர், மலையாளி, சீனர், மலாய்க்காரர் பிள்ளைகள் எல்லாரும் ஒரே திடலில் உருண்டோம். சப்பாத்து வைத்திருப்பவன் கோல்காப்பாளன், அதுதான் சட்டம். சிங்கப்பூருக்கு ஆடிய குவா கிம் சோங்கும் அவர் அண்ணன்மாரும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான். 1977 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில், பினாங்கை 3-2 என்று வீழ்த்திய கோல் அவருடையது. அந்தக் கோல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் பிறந்தது என்று நினைப்பவர்கள் எங்கள் திடலைப் பார்த்ததில்லை.

1971இல் பிரிட்டிஷார் போனார்கள், குடியிருப்பும் கலைந்தது. தளத்துத் தெருவின் பெயரைத் தாங்கிய ஜிப்ரால்டர் கிரசென்ட் குழு பிறகு செம்பவாங் ரேஞ்சர்ஸில் கலந்தது. 2003க்குப் பிறகு ரேஞ்சர்ஸும் லீக்கில் இல்லை. எந்த ஆண்டையாவது போட்டுக்கொள்ளட்டும், சின்னத்தைத் தைக்க ஒரு சட்டை இருக்கிறதே.

பாலஸ்டியர் பக்கத்து வீடு:
ஐயா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். ஆண்டை விட்டுக்கொடுத்தால் அடுத்து குழுவையே விட்டுக்கொடுக்க வேண்டும். 2014இல் சிங்கப்பூர்க் கிண்ணம் வென்றபோது, ஃபத்ஹுல் கரீப் ஆட்டங்களைப் பார்த்த ஒரு பெரியவர் எங்கள் புளோக்கின் கீழே எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவருக்கு இல்லாத சந்தேகம் உங்களுக்கு ஏன்?

திடல்வாசி:
பெரியவரின் தேநீருக்கு மரியாதை. ஆனால் அந்தப் பெயரின் பின்பாதி யாருடையது? கிளமெண்டி கல்சா சீக்கியச் சமூகத்தின் குழுவாக 1999இல் எஸ்-லீக்குக்கு வந்தது. நான்கு பருவங்கள் ஆடியது. 1898 என்று எழுதும்போது அந்த வீட்டுக் கதை எந்தப் பக்கத்தில் வருகிறது? இணைந்தவர்கள் இருவர் என்றால் பிறந்தநாள் ஒருவருக்கு மட்டும் எப்படி?

பாலஸ்டியர் பக்கத்து வீடு:
பெயரில் பாதியைக் கொடுத்தாயிற்றே.

திடல்வாசி:
பெயரில் பாதி, வயதில் பூஜ்யம். 1898, 1999 இரண்டையும் சின்னத்தில் போடட்டும். அன்றைக்கு நானே டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

செம்பவாங் மூத்தவன்:
எனக்கும் ஒன்று சேர்த்து வாங்குங்கள். ரேஞ்சர்ஸ் கழுத்துத்துணியோடுதான் வருவேன், யாரும் ஆட்சேபிக்கக் கூடாது.