சிங்கோபேஷன்: ‘தாளப்பிறழ்வு’ வேண்டாம், ‘தள்ளழுத்தம்’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜாஸ் இசையில் அழுத்தம் வழக்கமான தட்டில் விழாமல் இடம் மாறி விழுவதைச் சிங்கோபேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ‘தாளப்பிறழ்வு’, ‘தாளமுறிவு’, ‘வகையுளி’, ‘அனாகதம்’ என்ற யோசனைகள் வந்திருக்கின்றன. ‘தாளப்பிறழ்வு’ என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். ஜாஸில் அழுத்தம்தான் இடம் மாறுகிறது, தாளம் பிறழ்வதே இல்லை. பிறழ்வு என்றால் வாசிப்பவர் தப்பு செய்துவிட்டார் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

செய்தே பார்த்துவிடலாம். ‘தகதிமி தகஜணு’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். த, தி, த, ஜ நான்கிலும் காலால் தரையைத் தட்டுங்கள். கால் நிற்கக் கூடாது. இப்போது முதல் ‘த’விலும் அப்புறம் ‘மி’யிலும் மட்டும் கைதட்டுங்கள். 1923இல் ஜேம்ஸ் பி. ஜான்சன் இசையமைத்த ‘சார்ல்ஸ்டன்’ பாட்டின் தாளக்கட்டு இதுதான். இரண்டாவது கைதட்டல், மூன்றாம் தட்டுக்கு அரைத் தட்டு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. மூன்றாம் தட்டு வரும்போது கால் மட்டும் தரையைத் தொடுகிறது, கை சும்மா இருக்கிறது. அந்த இடத்தில் உடம்பு தானாக ஒரு துள்ளு துள்ளுகிறதே, அதற்குத்தான் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். காலை நிறுத்திவிட்டு மறுபடி கைதட்டிப் பாருங்கள். துள்ளல் போய்விடும்.

ஜாஸுக்கு முன்னோடியான ராக்டைமிலும் இதே கதைதான். ஸ்காட் ஜாப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ 1899இல் அச்சானது. அதில் பியானோக்காரரின் இடக்கை பெரும்பாலும் நம் காலைப் போலப் பிசகாமல் தட்டிக்கொண்டிருக்கும். வலக்கையின் அழுத்தங்கள்தான் தட்டுகளுக்கு நடுவே போய் விழும். ஒரு கை நிலையாக நிற்பதால்தான் மற்றக் கைக்கு அந்தச் சுதந்திரம்.

‘தாளமுறிவு’ என்ற யோசனையும் எனக்கு ஒப்பவில்லை. சிங்கோபேஷன் என்ற சொல்லின் கிரேக்க வேருக்கு ‘வெட்டுதல்’ என்ற பொருள் உண்டு, சரி. அந்த வெட்டை நாமும் சுமக்க வேண்டுமா?

‘வகையுளி’ என்ற யோசனைதான் என்னை நாள் முழுக்க உட்கார்த்தி வைத்தது. செய்யுளில் ஓசைக்காக ஒரு சொல்லை இரண்டு சீர்களுக்கு இடையே பிரிப்பதுதான் வகையுளி. ‘மெய்யுணர்வு இல்லாதவர்க்கு’ என்பது குறளில் ‘மெய்யுணர் வில்லா தவர்க்கு’ என்று சீர் பிரிகிறது. சொல்லின் எல்லை ஓரிடம், சீரின் எல்லை வேறிடம். யாப்பு மட்டும் அசையாமல் நிற்கிறது. இவ்வளவு நெருக்கமான ஒப்புமை வேறு எங்கும் கிடைக்காது. ஆனாலும் வேண்டாம் என்கிறேன். இயன்றவரை தவிர்க்கச் சொல்லித்தான் மரபுக்கவிதை எழுதுகிறவர்களுக்கு வகையுளியைக் கற்றுத்தருகிறோம். ஜாஸில் அது விரும்பி நாடுகிற அழகு.

‘அனாகதம்’ கச்சேரி மேடையில் வாழும் சொல். தாளம் தொடங்கிய பிறகு பாட்டு எடுப்பதை அது குறிக்கிறது. நமக்கு வேண்டியதோ பாட்டின் உடம்பு முழுக்க நடப்பதற்கான சொல்.

ஆனால் அதே மேடையில் ‘அரை இடம் தள்ளி எடுப்பு’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அந்தத் ‘தள்ளி’யைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகையாகத் ‘தள்ளழுத்தம்’. தட்டு இருந்த இடத்திலேயே இருக்க, அழுத்தம் மட்டும் தள்ளிப் போகிறது என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் கிடைக்கின்றன: தட்டுக்கு முன்னால் விழுந்தால் ‘முன்தள்ளல்’ (சார்ல்ஸ்டன் அப்படித்தான்), பிந்தி விழுந்தால் ‘பின்தள்ளல்’. ‘இந்த வரியைத் தள்ளழுத்தமாக வாசி’ என்று மாணவரிடம் சொன்னால் வாயிலும் இடறவில்லை.

ஸ்விங்கை இதோடு சேர்க்க வேண்டாம். அது ஒரு தட்டின் இரு பாதிகளை நெடிலும் குறிலுமாக வாசிப்பது. அதற்குத் தனி இழை தொடங்கலாம். எனக்கு இன்னும் தெளியாதது ஒன்றுதான்: நான்கு தட்டில் இரண்டாவதிலும் நான்காவதிலும் விழும் அழுத்தம். அங்கே அழுத்தம் தட்டின் மேலேயே விழுகிறது, ஆனால் வழக்கமாக வலுவில்லாத தட்டின் மேல். அதையும் தள்ளழுத்தத்தில் அடக்குவதா, ‘பின்தட்டு’ என்று பிரித்து வைப்பதா? டிரம்ஸ் வாசிக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.