புதுப்பிப்பு: கிராஃபிக்ஸ் கார்டு மெய்நிகர் கணினிக்குக் கிடைத்துவிட்டது

கிராஃபிக்ஸ் கார்டை லினக்ஸின் கேவிஎம் மெய்நிகர் கணினிக்கு (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஒப்படைத்தால், ஐஓஎம்எம்யு குழு (நினைவகத்தை அணுகுவதில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாத சாதனங்களின் தொகுப்பு) பயன்படுத்தத் தக்கதல்ல என்ற பிழையோடு அந்த மெய்நிகர் கணினி தொடங்கவே மறுக்கிறது என்று எழுதியிருந்தேன். சிக்கல் தீர்ந்தது.

கார்டின் ஒலிப் பகுதிதான் காரணம். கணினியில் பொருத்திய சாதனங்களைக் காட்டும் பிசிஐ பட்டியலில் ஒரே கார்டு இரண்டு சாதனங்களாகத் தெரிகிறது: முகவரி 0 என முடிவது படம், 1 என முடிவது எச்டிஎம்ஐ ஒலி. இரண்டும் ஒரே குழு. படப் பகுதி, சாதனங்களை மெய்நிகர் கணினிக்குக் கொடுக்கும் லினக்ஸ் டிரைவரான விஎஃப்ஐஓவிடம் இருந்தது. ஒலிப் பகுதியை ஹோஸ்ட்டின் (மெய்நிகர் கணினியை ஓட்டும் உண்மையான கணினி) ஒலி டிரைவர் முந்திக்கொண்டு பிடித்துவிட்டது. குழுவில் ஒரு சாதனம் அப்படிச் சிக்கியிருந்தாலும் விஎஃப்ஐஓ மொத்தக் குழுவையும் தர மறுக்கும். அந்தக் கண்டிப்பு சரியானதே, ஹோஸ்ட்டின் நினைவகத்தைக் காப்பது அதுதான்.

இரு பகுதிகளின் அடையாள எண்களையும் விஎஃப்ஐஓ அமைப்பில் சேர்த்தேன். ஒலி டிரைவருக்கு முன்பே விஎஃப்ஐஓ ஏறும்படி மாட்புரோப் கோப்பில் (டிரைவர்களை ஏற்றும் முறையைச் சொல்லும் கோப்பு) ஒரு சாஃப்ட்டெப் வரி (எது முதலில் ஏற வேண்டும் என்ற குறிப்பு) எழுதி, கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கினேன். அவ்வளவுதான்.

ஏசிஎஸ் பேட்ச் என்ற லினக்ஸ் கெர்னல் திருத்தத்தைப் பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி. ஆனால் அது குழுக்களைப் பிரித்துக் காட்டுமே தவிர, சாதனங்களுக்கு இடையே வன்பொருளில் இல்லாத தடுப்பை உண்டாக்காது. இந்தச் சிக்கலுக்கு அது தேவைப்படவும் இல்லை.

மெய்நிகர் கணினியை நிறுத்தித் திரும்பத் தொடங்கும்போதும் கார்டு ஒழுங்காக ரீசெட் ஆகிறது.