நுரையீரல் ஃபைப்ரோசிஸ்: புதிய மருந்துக்கான ஆய்வில் அப்பா சேரலாமா?

நீலவானம்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 71 வயது. ஒன்றரை ஆண்டாக விடாத வறட்டு இருமலும், மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பும் இருந்து வந்தன. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர்கள், காரணம் தெரியாமல் வரும் நுரையீரல் ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய்), அதாவது ஐ.பி.எஃப்., என்று உறுதிசெய்தார்கள். நான்கு மாதங்களாக, நோயின் வேகத்தைக் குறைக்கும் நின்டெடானிப் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். சென்ற வாரம் பரிசோதனைக்குப் போனபோது, ஒரு புதிய மருந்துக்கான மூன்றாம் கட்ட ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு, 24 பக்க ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்தனுப்பினார்கள். ஆய்வு 52 வாரங்கள் நடக்குமாம். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் கணினி தீர்மானிக்குமாம். மூவரில் ஒருவருக்குப் பிளாசிபோதான் கிடைக்குமாம்.

என்னை உறுத்துவது இரண்டு விஷயங்கள். இந்த நோயில் ஓர் ஆண்டு என்பது சிறிய காலம் அல்ல. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை ஓர் ஆண்டு சாப்பிட வைப்பது எப்படி நியாயமாகும்? இரண்டாவதாக, ஆய்வின் முதன்மை நோக்கம் எஃப்.வி.சி., அதாவது ஒரே மூச்சில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு, குறையும் வேகத்தைத் தணிப்பது என்று போட்டிருக்கிறார்கள். மூச்சிரைப்பு குறையும் என்றோ ஆயுள் கூடும் என்றோ எங்கும் சொல்லவில்லை. சில நூறு மில்லிலிட்டர் கணக்குக்காக அப்பாவைச் சோதனை எலி ஆக்காதே என்று அண்ணன் கடிந்துகொள்கிறார். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நெஞ்சக மருத்துவர்:

வணக்கம். இத்தகைய ஆய்வுகளில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். படிவத்தில் நீங்கள் முதலில் தேட வேண்டியது, ஏற்கெனவே சாப்பிட்டு வரும் நின்டெடானிப்பைத் தொடரலாமா என்பதைத்தான். அண்மைக்காலத்து ஐ.பி.எஃப். ஆய்வுகள் பலவற்றில் அதைத் தொடர அனுமதி உண்டு. அப்படியானால், பிளாசிபோ பிரிவில் விழுந்தாலும் அப்பாவுக்கு இன்று கிடைக்கும் சிகிச்சையில் எதுவும் குறையாது. அதன்மேல் புதிய மருந்து சேருமா சேராதா என்பது மட்டுமே குலுக்கலில் முடிவாகும். நிறுத்தச் சொல்லியிருந்தால், ஏன் என்று கேளுங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் மறுத்துவிடுங்கள்.

பிளாசிபோ பிரிவு எதற்கு என்பதை இந்த நோயின் வரலாறே எங்களுக்குக் கற்பித்திருக்கிறது. ஃபைப்ரோசிஸுக்கு வீக்கம்தான் மூலம் என்று நெடுங்காலம் கருதப்பட்டதால், வீக்கத்தை அடக்கும் பிரெட்னிசோன், அசத்தியோபிரின் ஆகிய மருந்துகளை நாங்கள் நம்பிக்கையோடு எழுதிக்கொடுத்தோம். 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, இவ்விரண்டோடு என்-அசிட்டைல்சிஸ்டீனையும் சேர்த்தால் நுரையீரல் கொள்ளளவு மெதுவாகக் குறைகிறது என்று காட்டியது. ஆனால் அந்த ஆய்வின் இரு பிரிவினருமே முதல் இரண்டு மருந்துகளைச் சாப்பிட்டார்கள்; அவற்றைச் சாப்பிடாத ஒரு பிரிவு அதில் இல்லை. அவற்றால் கேடு விளைந்திருந்தாலும் கண்ணில் படுவதற்கு வழியே இல்லை. பிறகு பாந்தர் என்ற ஆய்வு, மூன்று மருந்துகளையும் பெற்றவர்களை வெறும் பிளாசிபோ பெற்றவர்களோடு ஒப்பிட்டது. 2011-இல், பாதி வழியில் கணக்கெடுத்தபோது, மூன்று மருந்துகளையும் பெற்ற பிரிவில் 8 பேரும் பிளாசிபோ பிரிவில் ஒருவரும் இறந்திருந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் முறையே 23, 7 பேர். மூன்று மருந்துகளும் தரப்பட்ட பிரிவு உடனே நிறுத்தப்பட்டது. நல்லது என்று நம்பி நாங்கள் கொடுத்துவந்த சிகிச்சை அது. இதை நான் எந்த நோயாளியின் குடும்பத்திடமும் மறைப்பதில்லை.

பாதியில் கணக்கெடுத்தது யார் என்று கேட்பீர்கள். மருந்து நிறுவனத்தையோ ஆய்வு மருத்துவர்களையோ சாராத ஒரு பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு, யார் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்ற விவரத்தோடு தரவுகளை இடையிடையே பார்க்கும். உங்கள் படிவத்திலும் அப்படி ஒரு குழு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: சேர்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் அப்பா. 24 பக்கத்தையும் அவர் கேட்கும்படி வாசித்துக் காட்டுங்கள்.

மூச்சளவு ஆய்வகத்திலிருந்து:

மருத்துவர் ஐயா முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார். இரண்டாவது கேள்வி என் அன்றாட வேலையைச் சேர்ந்தது. 14 ஆண்டுகளாக ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதச் சொல்லி மூச்சளவு பார்க்கும் சோதனை, எடுத்து வருகிறேன்.

எஃப்.வி.சி. என்பது முழு மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு, வேகமாகவும் முழுமையாகவும் வெளியே ஊதும் காற்றின் அளவு. ஃபைப்ரோசிஸில் நுரையீரல் இறுகிச் சுருங்குவதால் இந்த அளவு குறைந்துகொண்டே போகிறது. முதுமையில் நலமாக இருப்பவர்களுக்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் குறையத்தான் செய்யும். நின்டெடானிப்பைச் சோதித்த இரண்டு இணை ஆய்வுகளின் முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. இரண்டிலும் சேர்த்து 1,066 பேர் இருந்தார்கள். மருந்து பெற்றவர்கள் ஓர் ஆண்டில் சராசரியாகச் சுமார் 115 மில்லிலிட்டர் இழந்தார்கள்; பிளாசிபோ பெற்றவர்களின் இழப்பு ஒன்றில் சுமார் 240, மற்றொன்றில் சுமார் 207. ஓர் ஆண்டு வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். இழந்த கொள்ளளவு திரும்பி வராத நோய் இது என்பதால், இறங்கும் வேகம் ஏறக்குறைய பாதியாவதை நான் சிறியதாக எண்ணவில்லை.

இதை ஒருவர் தன் உடம்பில் உணர முடியுமா என்றால், முடியாது. மூக்கில் கிளிப் மாட்டி, ஊதுகுழலை உதடுகளால் இறுகக் கவ்வச் செய்து, “ஊதுங்கள், இன்னும், இன்னும்” என்று நான் குரல் கொடுக்க, நோயாளி முகம் சிவக்க ஊதுவார். முடிவில் இருமல் பொத்துக்கொண்டு வரும். சற்று ஓய்வு கொடுத்து மீண்டும் ஊதச் சொல்வேன். சரியாக அமைந்த ஊதல்கள் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் மிகப் பெரிய இரண்டுக்கும் இடையே 150 மில்லிலிட்டர் வரை வேறுபாடு இருந்தால் ஏற்கலாம் என்பது விதி. அதாவது, பத்து நிமிட இடைவெளியில் ஒரே மனிதரிடம் நான் ஏற்றுக்கொள்ளும் வேறுபாடு, அந்த மருந்து ஓர் ஆண்டில் ஏற்படுத்திய வித்தியாசத்தைவிட அதிகம். ஒருவருக்கு மருந்து வேலை செய்கிறதா என்பதை அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கானோரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சராசரிகளை ஒப்பிட்டால்தான் உண்மை வெளிப்படும். இறப்பையே அளவுகோலாக வைத்தால் இன்னும் பன்மடங்கு ஆட்களும் ஆண்டுகளும் தேவைப்படும். படிவத்தில் ஆயுளைப் பற்றி வாக்குறுதி இல்லாததற்கு அதுவே காரணம். அந்த அடக்கம் நேர்மையானது என்பது என் கருத்து.

அப்பா சேர்ந்தால் ஒரு சிறு யோசனை: ஊதும் நாளில் வயிறு நிறையச் சாப்பிடாமல், இடுப்பையும் மார்பையும் இறுக்காத உடையில் வரட்டும். பல்செட் இருந்து நன்றாகப் பொருந்தியிருந்தால் கழற்ற வேண்டாம்.

துணைவி:

என் கணவர் இப்படியோர் ஆய்வில் சேர்ந்திருந்தார். ஐந்தாம் மாதத்தில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. மருந்துதான் கிடைத்திருக்கிறது, அதனால்தான் இந்தப் பாடு என்று இருவரும் உறுதியாக நம்பினோம். அலுத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று அவர் சொன்னபோது, ஆய்வு ஒருங்கிணைப்பாளர் பொறுமையாக விளக்கினார்: மாத்திரையை நிறுத்துவது வேறு, ஆய்விலிருந்து விலகுவது வேறு, இரண்டும் அவருடைய உரிமை. ஆனால் உடல்நிலை மோசமானவர்கள் எல்லோரும் அளவீட்டுக்கு வராமல் போய்விட்டால், எஞ்சியிருப்பவர்களை மட்டும் வைத்துப் போடும் சராசரி, மருந்தை உள்ளதைவிட நல்லதாகக் காட்டிவிடும். அதைக் கேட்டபின் மாத்திரையை நிறுத்தினார். ஆனால் ஊதுவதற்குக் கடைசி வரை தவறாமல் போனார்.

ஆய்வு முடிந்து விவரம் சொன்னபோதுதான் அவருக்குக் கிடைத்தது பிளாசிபோ என்று தெரிந்தது. அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் காலமானார். அந்த ஓராண்டில் மாதந்தோறும் ஒருவர் அமர்ந்து அவரிடம் நேரம் எடுத்துப் பேசினார், இரவில் மூச்சுத் திணறினால் அழைக்க ஓர் எண் இருந்தது என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் படிவத்திலும் அந்த எண் இருக்க வேண்டும். சேரும் முன்பே ஒருமுறை அழைத்து, யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

நெஞ்சக மருத்துவர்:

அம்மா, எழுதியதற்கு நன்றி. நின்டெடானிப் ஆய்வுகளில் மருந்து பெற்றவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பிளாசிபோ பெற்றவர்களிலும் சுமார் 18 விழுக்காட்டினருக்கு வந்தது. பிளாசிபோ பிரிவு இல்லாவிட்டால் அந்த 18-ஐயும் மருந்தின் கணக்கிலேயே எழுதியிருப்போம். உங்கள் கணவர் ஊதிய ஒவ்வொரு அளவும் அவர் சேர்ந்த ஆய்வில் அதே போன்ற ஒப்பீட்டில் சேர்ந்திருக்கிறது.

நீலவானம்:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பாவுக்குப் படிவம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன், அண்ணனும் உடனிருந்தார். நின்டெடானிப்பைத் தொடரலாம் என்று ஒன்பதாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. கண்காணிப்புக் குழுவைப் பற்றியும் இருக்கிறது. 52 வாரங்களுக்குப் பின் புதிய மருந்து எல்லோருக்கும் தரப்படுமா என்பது மட்டும் எங்கும் இல்லை. அப்பா அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். வியாழக்கிழமை போகும்போது அதைத் தானே கேட்டுக்கொள்வதாகவும், பதிலைக் கேட்ட பிறகே கையெழுத்தைப் பற்றி யோசிப்பதாகவும் சொல்லிவிட்டார்.