பெரியம்மாவின் ஈசிஜி (எங்கள் குடும்பக் குழு)

பிரபு, குன்னூர்: அம்மாவுக்கு ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுத்தாயிற்று. சீட்டில் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று எழுதியிருக்கிறது. டாக்டர் சொன்னது பாதிதான் மண்டையில் ஏறியது. திவ்யா, இது அட்டாக்கா?

திவ்யா, கோவை: இல்லை அண்ணா. அட்டாக் என்றால் இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைப்பது. இது துடிப்பைக் கிளப்பும் மின்சாரத்தில் வரும் கோளாறு. மேல் அறைகள் இரண்டும் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும். அதனால்தான் நாடி ஒழுங்கில்லாமல் ஓடுகிறது.

ராஜேந்திரன் மாமா, கோத்தகிரி: எல்லாம் இந்தக் குளிர்தான். அக்காவை ஒரு மாதம் கீழே கொண்டுபோய் வை.

திவ்யா: குளிர் இல்லை மாமா. பெரியம்மாவுக்குப் பல வருடமாக பிபி. அதுவே பெரிய காரணம். அண்ணா, தைராய்டு பார்த்தார்களா?

பிரபு: பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. வால்விலும் கோளாறு இல்லையாம். மெட்டோப்ரோலால் போட்டதும் படபடப்பு அடங்கிவிட்டது. அப்புறம் எதற்கு எபிக்சபான்? விலையும் அதிகம்.

திவ்யா: ரத்தம் உறையாமல் தடுப்பது அது, அதுதான் முக்கியமான மாத்திரை. மேல் அறை சரியாகச் சுருங்காவிட்டால் அதன் ஓரத்தில் ரத்தம் தேங்கும், அசையாமல் வைத்த பால் உறைகிற மாதிரி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. படபடப்பு நின்றாலும் ஆபத்து நிற்காது. டாக்டர்கள் புள்ளி போட்டுப் பார்ப்பார்கள்: வயது 65 தாண்டியதற்கு ஒன்று, பிபிக்கு ஒன்று. பெரியம்மாவுக்கு இரண்டு ஆயிற்று, மாத்திரை வேண்டும்.

ராஜேந்திரன் மாமா: ஆஸ்பிரின் போதாதா? சல்லிசாகக் கிடைக்கும்.

திவ்யா: இதற்கு அது போதாது மாமா, ரத்தக்கசிவு மட்டும் வரும்.

ராஜேந்திரன் மாமா: எதிர்வீட்டுக்காரர் இதே நோய்க்கு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறாரே?

திவ்யா: அவர் வார்ஃபரின் சாப்பிடுவார், அதுவும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைதான். வால்வு சுருங்கியவர்களுக்கு அதுதான். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் 2லிருந்து 3க்குள் நிற்க வேண்டும், அதனால் சோதனை. எபிக்சபானுக்கு அந்தச் சோதனை வேண்டாம். ஆனால் காலை, இரவு இரண்டு வேளையும் தவறக் கூடாது. மறந்தால் நினைவு வந்ததும் போடலாம், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

பெரியம்மா: எல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். படியேறிப் படியேறி முட்டி தேய்ந்துவிட்டது. மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை போடலாமா?

திவ்யா: எது பெரியம்மா? டைக்ளோஃபினாக்கா?

பெரியம்மா: சிவப்பாக இருக்கும்.

பிரபு: டைக்ளோஃபினாக்தான், அட்டையைப் பார்த்தேன்.

திவ்யா: அது வேண்டவே வேண்டாம். எபிக்சபானோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். பாராசிட்டமால் போதும். மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே சொல்லுங்கள். பல் பிடுங்கப் போனாலும் இந்த மாத்திரையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரபு: வீட்டு பிபி மிஷினில் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது.

திவ்யா: ஒழுங்கில்லாத துடிப்பில் அப்படித்தான் வரும். மூன்று தடவை எடுத்து சராசரி பார். நாடியை மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் விரல் வைத்து முழு நிமிடம் எண்ணு, 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்காதே.

திவ்யா: இன்னொன்று. வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. மழையில் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் இறங்குவதே பெரும்பாடு. சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரி எது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள் அண்ணா.

பிரபு: நாளைக்கே கேட்கிறேன். மாத்திரைக்கு அம்மா போனில் இரண்டு அலாரம் வைத்தாயிற்று.

பெரியம்மா: இரவு ஒன்பதுக்கு வைக்காதே, அது சீரியல் நேரம். எட்டரைக்கு வை.