வாரம் ஒரு வீட்டுப்பாடத் தாள்: பொறுப்பு யார் கையில்?

மூன்றாம் வகுப்பு ஆசிரியை

என் வகுப்பில் தினசரி வீட்டுப்பாடம் கிடையாது. திங்கட்கிழமை ஒரு தாள் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை காலை அது என் மேசைக்குத் திரும்பி வர வேண்டும். ஒரு பக்கக் கணக்கு, எழுதிப் பழக வேண்டிய பத்துச் சொற்கள், தினமும் பத்து நிமிட வாசிப்பு, கண்ணால் பார்த்து எழுத வேண்டிய ஒரு கேள்வி. வாரம் முழுவதற்கும் அவ்வளவுதான். அந்தக் கடைசிக் கேள்வி எப்படி இருக்கும் என்றால், 'உன் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு மரத்தின் நிழல் காலையில் எந்தப் பக்கம் விழுகிறது, மாலையில் எந்தப் பக்கம்?' என்பதுபோல இருக்கும். வியாழக்கிழமை இரவு உட்கார்ந்து இதை எழுதிவிட முடியாது. வேண்டுமென்றேதான் ஒவ்வொரு தாளிலும் அப்படி ஒன்றைச் சேர்க்கிறேன்.

'இவ்வளவு குறைவாகக் கொடுத்தால் பிள்ளை எப்படி முன்னேறும்?' என்று ஆண்டுதோறும் சில பெற்றோர் கேட்கிறார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 1987 முதல் 2003 வரை நடந்த வீட்டுப்பாட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டார்கள். வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு ஏழாம் வகுப்பு முதல்தான் வலுவாகத் தெரிந்தது. ஆரம்ப வகுப்புகளில் அது மெலிந்தே இருந்தது. ஒரு வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கைப் பரிந்துரைப்பவரும் கூப்பர்தான். அதன்படி மூன்றாம் வகுப்புக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம். இந்தியாவின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை இன்னும் குறைவாகச் சொல்கிறது: இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம், மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். அந்த வரம்பை நாள் கணக்கில் வைக்காமல் வாரக் கணக்கில் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மதிப்பெண்ணைப் பெரிதாக உயர்த்தாது என்றால் பிறகு எதற்காகக் கொடுக்கிறேன்? எட்டு வயதில் ஒரு பிள்ளையின் நாள் முழுவதையும் பெரியவர்களே தீர்மானிக்கிறோம். எப்போது எழுவது, எப்போது கிளம்புவது, எந்தப் பாடம் எந்த மணிக்கு என்று எல்லாமே நம் முடிவு. 'இந்த நான்கு வேலைகளும் வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும், எதை எப்போது செய்வது என்பது உன் முடிவு' என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. என் தாள் அதைச் சொல்கிறது.

ஒரு மாணவனின் தாள் வாராவாரம் பிழையே இல்லாமல் வரும். வகுப்பிலோ கடன் வாங்கிக் கழிப்பதில் அவன் தடுமாறுவான். ஒரு நாள் அவனை அருகில் உட்காரவைத்து, தாளில் இருந்த ஒரு கணக்கை எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். 'இது அப்பா சொன்ன விடை டீச்சர். அடுத்தது மட்டும் நானே செய்தேன்' என்றான். அவன் சுட்டிக்காட்டிய அந்தக் கணக்கிலும் விடை அழிக்கப்பட்டு வேறொரு கையெழுத்தில் திருத்தப்பட்டிருந்தது. தான் செய்தது எது, செய்யாதது எது என்று அந்தப் பிள்ளைக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

அவன் தந்தையை அழைத்துப் பேசினேன். மகன் தவறான விடையோடு போனால் தன்னைப் பொறுப்பில்லாத பெற்றோர் என்று நினைப்பார்களோ என்று அவர் பயந்திருக்கிறார். பல வீடுகளில் வீட்டுப்பாடம் இப்படித்தான் பெரியவர்களுக்கான தேர்வாக மாறிவிடுகிறது. அவரிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டேன்: தவறு தவறாகவே என்னிடம் வரட்டும். பிள்ளைக்கு எது புரியவில்லை என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்கிறேன். வீட்டிலேயே திருத்திவிட்டால், திங்கட்கிழமை யாருக்கு எதை மறுபடி கற்பிப்பது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். அடுத்த வாரத் தாளில் பாதிக் கணக்குகள் பிழையாக இருந்தன. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. எந்த இடத்தில் அவன் இடறுகிறான் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

உங்கள் வீட்டில் இது எப்படி நடக்கிறது? பெற்றோரும் மற்ற ஆசிரியர்களும் எழுதுங்கள்.

நான்காம் வகுப்பு மாணவியின் தந்தை

எங்கள் வீட்டில் வியாழன் இரவுதான் போராட்டம். தாளைப் பற்றி மூன்று நாள் பேச்சே இருக்காது. பிறகு ஒரே இரவில் எல்லாம், அழுகையோடு. 'முன்பே செய்திருக்கலாமே' என்று சொல்வதில் பயனில்லை என்று எனக்குப் பட்டது. முன்பே செய்வது எப்படி என்று அவளுக்கு யாரும் காட்டித் தரவில்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை மனிதர்கள் வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதிவிட்டார்கள். பெரியவர்களின் நிலையே இதுதான் என்றால் ஒன்பது வயதுப் பெண்ணிடம் என்ன எதிர்பார்ப்பது?

அதனால் திங்கள் மாலையில் தாளை மேசையில் விரித்துவைத்து, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே கிழமையை அவளையே எழுதச் சொன்னேன். எத்தனை நிமிடமாகும் என்ற தன் ஊகத்தையும் எழுதுவாள். செய்து முடித்த பிறகு, உண்மையில் எத்தனை நிமிடமானது என்பதைப் பக்கத்தில் குறிப்பாள். என் வேலை அருகில் உட்கார்ந்திருப்பது மட்டும்.

முதல் வாரம் செவ்வாய்க்கிழமையை முழுதாக விளையாட்டுக்கு ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றையும் புதன்கிழமையில் அடுக்கினாள். அது நடக்காது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் இருப்பது கடினமாகத்தான் இருந்தது. புதன் மாலை பாதியில் களைத்துப்போய் மீதியை வியாழனுக்குத் தள்ளினாள். அடுத்த திங்கட்கிழமை நான் கேட்காமலேயே சொன்னாள்: 'அப்பா, கணக்கை மட்டும் செவ்வாய்க்கிழமையே முடித்துவிடுகிறேன். அதற்குத்தான் நான் நினைத்ததைவிட அதிக நேரமாகிறது.' நிமிடங்களை எழுதிவைத்திருந்ததால்தான் அவளுக்கு அது தெரிந்தது. நான் சொல்லியிருந்தால் அது என் அறிவுரையாகவே நின்றிருக்கும்.

சொற்கள் மட்டும் எல்லா நாளும் கொஞ்சம் கொஞ்சம். அதில் அவளுக்குத் தேர்வு கிடையாது. இடைவெளி விட்டுப் படித்தால் நீண்ட நாள் நினைவில் நிற்கும் என்பது 1885இல் ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்த காலத்திலிருந்து திரும்பத் திரும்ப உறுதியான விஷயம்.

இரவுப் பணி செய்யும் தாய், இரண்டு பிள்ளைகள்

மேலே எழுதியிருப்பவை எல்லாம் நல்ல வழிகள். ஆனால் மாலையில் பெரியவர் ஒருவர் அருகில் உட்கார முடிகிற வீடுகளுக்கானவை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போது நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். ஆசிரியர்கள் வீட்டுப்பாடத்தைத் தயாரிக்கும்போது எங்களைப் போன்றவர்களையும் மனதில் வைக்க வேண்டும். 'பெற்றோரின் உதவியுடன் செய்க' என்று அச்சிடப்பட்ட ஒரு வரி என் மகனைப் பலமுறை வெறுங்கையோடு பள்ளிக்கு அனுப்பியிருக்கிறது. அவனுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. அந்த வரியைப் படித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தான்.

வாராந்திரத் தாள் எங்களுக்கு நிச்சயமாக உதவக்கூடியது. விடுமுறை நாளில் நான் அருகில் இருக்க முடியும். ஆனால் திங்கள் கொடுத்து வெள்ளி வாங்கினால் சனியும் ஞாயிறும் வெளியே போய்விடுகின்றன. எங்களுக்கு இருக்கும் நேரமே அவ்விரண்டு நாட்கள்தான். இதை ஆசிரியர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பொறுப்பு என்பதைப் பற்றி என் அனுபவம் ஒன்று. தாளைப் பையில் வைப்பது பெரியவனின் வேலை. அதில் நான் கை வைப்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது எழுதி முடித்த தாள் மேசையிலேயே கிடந்தது. பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். எடுத்துக்கொண்டு ஓடினால் மணி அடிப்பதற்குள் கொடுத்துவிடலாம். கொடுக்கவில்லை. அவன் தன் ஆசிரியரிடம் தானே போய், 'முடித்துவிட்டேன், வீட்டில் மறந்து வைத்துவிட்டேன், திங்கட்கிழமை கொண்டுவரட்டுமா?' என்று கேட்டிருக்கிறான். அவரும் சரி என்றிருக்கிறார். வகுப்பின் முன்னால் நிறுத்தாமல், திட்டாமல், சரி என்ற ஒரே சொல். அந்த ஆசிரியருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் கடிந்துகொண்டிருந்தால் அடுத்த முறை அவன் பொய் சொல்லப் பழகியிருப்பான்.

அன்றிலிருந்து மறக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில வாரங்கள் கழித்து மறுபடி மறந்தான். இப்போது எழுதி முடித்தவுடன், மேசையிலிருந்து எழுவதற்கு முன்பே தாளைப் பையில் போட்டுவிடுகிறான். அந்த வழியை அவனே கண்டுபிடித்தான். தங்கையையும் அப்படியே செய்யச் சொல்லி அதட்டுகிறான்.

பேரனைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா

பரிசு கொடுப்பதைப் பற்றி ஒரு சொல். அன்றன்று படித்ததைக் குறிக்கும் வாசிப்புக் கட்டத்தை நிரப்பினால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர், பத்துச் சேர்ந்தால் ஒரு பொம்மை என்று எங்கள் வீட்டில் ஏற்பாடு இருந்தது. கட்டங்கள் வேகமாக நிரம்பின. பேரன் மெலிந்த புத்தகங்களாகத் தேடி எடுத்தான். விடுமுறையில் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தபோது, 'தாத்தா, இதற்கு ஸ்டிக்கர் உண்டா?' என்று கேட்டான்.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு வளாகத்து மழலையர் பள்ளியில் செய்த சோதனையை ஆசிரியராக இருந்த காலத்தில் படித்திருக்கிறேன். படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பம் உள்ள குழந்தைகளிடம் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். பிற்பாடு தாமாக விளையாடும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் வரைவது குறைந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை.

ஸ்டிக்கரை நிறுத்தினோம். முதலில் வாசிப்பும் நின்றது. நான் வற்புறுத்தவில்லை, நான் என் புத்தகத்தோடு தினமும் அதே நேரத்தில் உட்கார்ந்தேன். இப்போது அவன் படித்த பக்கத்தை எனக்குச் சொல்கிறான், நான் படித்ததை அவனுக்குச் சொல்கிறேன். கட்டம் சில வாரம் நிரம்புகிறது, சில வாரம் இல்லை.

சிறப்புக் கல்வி ஆசிரியை

'பொறுப்பே இல்லை' என்று முத்திரை குத்தப்பட்டு என்னிடம் வரும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கவனக் குறைபாடு உள்ளவர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுபவர்கள். வேலையை நினைவில் வைத்திருப்பது, தொடங்குவது, நேரத்தைக் கணிப்பது, பாதியில் விட்டதற்குத் திரும்பி வருவது ஆகியவற்றில் மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எந்தக் குழந்தைக்கும் அது முழுதாக அமைந்திருக்காது. கவனக் குறைபாடு உள்ள பலருக்கு இன்னும் மெதுவாக அமைகிறது. குட்டையான பிள்ளையைப் பார்த்து ஏன் அலமாரி எட்டவில்லை என்று யாரும் திட்டுவதில்லை; முக்காலி போடுகிறோம்.

நான்கு வேலைகள் கொண்ட தாளைப் பார்த்தவுடனே திகைத்துப்போய் ஒன்றையும் தொடாத ஒரு சிறுமி என்னிடம் படித்தாள். தாளை நான்காக மடித்தோம். ஒரு நாளைக்கு ஒரு மடிப்புத்தான் கண்ணில் படும். அதைச் செய்து முடித்தால் தாளைத் திருப்பி அடுத்த மடிப்பை மேலே கொண்டுவருவாள். அந்த ஒரு மாற்றத்தில் அவள் தொடங்க ஆரம்பித்தாள். வீட்டில் அவள் அம்மா மணிக்கூட்டில் இருபது நிமிடம் வைப்பார். மணி அடித்தால் எந்த இடத்தில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, அங்கே ஒரு கோடு போட்டு, 'இதுவரை' என்று எழுத வேண்டும். மீதியைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக் கூடாது. வகுப்பாசிரியர் இதற்கு ஒத்துக்கொண்டதால்தான் இது நடந்தது.

எத்தனை கணக்கு முடித்தாள் என்பதைவிட அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது ஆசிரியருக்கு அதிகம் சொல்லும். வகுப்பில் எல்லோருக்கும் இருபது நிமிடத்தில் முடிவது ஒரு பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கலாம். அந்த ஒன்றரை மணி நேரமும் வீட்டில் சண்டை நடந்தது என்பது மறுநாள் காலை தாளில் தெரியாது.

இன்னொன்றையும் வேண்டிக் கேட்கிறேன். வீட்டுப்பாடம் முடிக்காததற்காக விளையாட்டு இடைவேளையைப் பறிக்காதீர்கள். ஓடியாடிவிட்டு வந்தால்தான் இந்தப் பிள்ளைகளால் அடுத்த பாடத்தில் உட்காரவே முடியும்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். இடைவேளையைப் பறிப்பது என் வகுப்பில் இல்லை. தாள் வராவிட்டால், என்ன நடந்தது, எப்போது தருவாய் என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பிள்ளை தன் கையால் பதில் எழுதித் தர வேண்டும். அநேகமாகச் சொன்ன நாளில் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

இரவுப் பணி செய்யும் அம்மாவுக்கு: நீங்கள் சொன்னதைத் தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து தாள் வியாழக்கிழமை போய், அடுத்த புதன்கிழமை திரும்பும். சனியும் ஞாயிறும் உள்ளே வந்துவிடும். 'பெற்றோரின் உதவியுடன்' என்ற வரி என் தாள்களில் இனி இருக்காது. பெரியவர் இல்லாமல் செய்ய முடியாத எதையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு சிறு கட்டங்கள் சேர்க்கிறேன்: எந்தக் கிழமை, எத்தனை நிமிடம். நான்காம் வகுப்பு மாணவியின் அப்பாவிடம் ஒரு கேள்வி. உங்கள் மகள் ஊகித்த நிமிடத்தையும் எழுதுகிறாளே, அதற்கும் ஒரு கட்டம் போட்டால் மூன்றாம் வகுப்புக்கு அதிகமாகிவிடுமா?

நான்காம் வகுப்பு மாணவியின் தந்தை

அவளிடமே கேட்டேன் டீச்சர். முதல் மாதம் வேண்டாம், கிழமை மட்டும் போதும் என்கிறாள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கியபோது தனக்குக் குழப்பமாக இருந்ததாம்.